பேட்மின்டனில் ஓங்கி அடிக்கும் ஸ்மாஷ் ஆட்டக்காரருக்கு விலையுயர்ந்த ராக்கெட்: சோதிப்பது எப்படி?

யோனெக்ஸ் அஸ்ட்ராக்ஸ் 100 இசட்இசட் மாதிரி ராக்கெட்டைக் கடையில் சும்மா வீசிப் பார்த்துவிட்டு வாங்காதீர்கள், காற்றில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். தெரிந்தவரிடம் இரவல் வாங்கி இரண்டு மூன்று கேம் ஆடுங்கள். முதல் கேமில் ஸ்மாஷ் பறக்கும், அதை நம்ப வேண்டாம்; கை சோர்ந்த பிறகும் பேக்ஹேண்ட் கிளியர் (புறங்கைப் பக்கமாக உயரத் தூக்கி அடிப்பது) எதிர்முனை வரை போகிறதா, உடம்பை நோக்கி வரும் ஸ்மாஷைத் தடுக்க ராக்கெட் நேரத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். இந்த ராக்கெட்டின் கனமான தலையும் மிக விறைப்பான ஷாஃப்டும் (தண்டும்) இங்கேதான் பழிவாங்கும். (ஒலிம்பிக் சாம்பியன் விக்டர் ஆக்சல்சென் இதை வைத்து ஆடினாரே என்றால், அவர் தோள் வேறு.) எடைப் பிரிவில், இரட்டையர் ஆட்டத்துக்குச் சற்றுக் கனமான 3யு-வைவிட 4யு, அதாவது சுமார் 83 கிராம், வசதி. அப்புறம், ஒப்பிடும் இரண்டு ராக்கெட்டிலும் ஒரே ஸ்ட்ரிங் (நரம்பு), ஒரே டென்ஷன் (நரம்பின் இறுக்கம்) இருக்கட்டும். ஒன்றில் 24 பவுண்டு, மற்றதில் 27 என்றால் வித்தியாசம் எதனால் என்றே தெரியாது.