டி.என்.ஏ கணக்குக்கு ஐம்பதிலிருந்து ஒரு கழித்தல் போதும்

இரட்டை இழை டி.என்.ஏவின் நான்கு காரங்களில் (அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின்) அடினைன் 28 சதவீதம் எனக் கொடுத்து குவானைனைக் கேட்டால், 50லிருந்து 28ஐக் கழித்து 22 என்று எழுதிவிடலாம். தண்டையார்ப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் நீட் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் பலர் இதற்கே இருமடங்காக்கி, நூறிலிருந்து கழித்து, மீண்டும் இரண்டால் வகுத்து அரைப் பக்கத்தை நிரப்புகிறார்கள்.

அடினைன் எதிர் இழையின் தைமினோடும், குவானைன் சைட்டோசினோடும் மட்டுமே இணைவதால் ஒவ்வோர் இணையின் இரு காரங்களும் சம அளவில் இருக்கும். ஆகவே அடினைனும் குவானைனும் சேர்ந்தால் எப்போதும் சரிபாதி, இதுவே சார்காஃப் விதி. இரு இழைகளையும் சேர்த்துப் பிடிக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையைக் கேட்டாலும் இதே எண் உதவும்: 1,000 கார இணைகள், அதாவது 2,000 காரங்கள், கொண்ட அந்த மூலக்கூறில் குவானைன் 22 சதவீதம், அதாவது 440 என்பதால், ஒவ்வோர் இணைக்கும் இரண்டு வீதம் 2,000, குவானைன் இணை ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக ஒன்று, ஆக 2,440.

ஒற்றை இழையான ஆர்.என்.ஏவுக்கும், ஃபை எக்ஸ் 174 வைரஸின் ஒற்றை இழை டி.என்.ஏவுக்கும் இது பொருந்தாது. இரட்டை இழையே ஆனாலும், கொடுத்த சதவீதம் ஓர் இழைக்கு மட்டும் உரியதென்றால் கழிக்கக் கூடாது. வினாவில் அந்த ஒரு சொல்லைத்தான் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள்.