முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு நெஞ்சில் டியூப்: நாங்கள் செய்த தவறுகளை நீங்கள் செய்யாதீர்கள்

அக்கா மகளுக்கு ஸ்கோலியோசிஸ் (முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது) ஆபரேஷன் முடிந்து எங்களை ஐசியுவுக்குள் விட்டபோது, அக்கா தன் மகளைப் பார்க்கவில்லை. நெஞ்சு டியூபின் மறுமுனையில், கட்டிலுக்குக் கீழே இருந்த பாட்டிலைத்தான் பார்த்தாள். உள்ளே சிவப்பாக இருந்தது. "இவ்வளவு ரத்தமா போயிருச்சு?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதில் பெரும்பகுதி தண்ணீர். பொருத்தும்போதே பாட்டிலில் சுத்தமான தண்ணீர் ஊற்றி, குழாயின் நுனி அதில் முங்கும்படி வைக்கிறார்கள். நெஞ்சிலிருந்து காற்று வெளியே வரலாம், வெளிக்காற்று உள்ளே போக முடியாது. அந்தத் தண்ணீரில் கொஞ்சம் ரத்தம் கலந்தாலே மொத்தமும் சிவந்துவிடும். பாட்டிலில் ஒட்டிய பிளாஸ்திரியில் நர்ஸ் கோடு போட்டு நேரம் எழுதுவார். தண்ணீரைக் கழித்துத்தான் கணக்கு. நாள் போகப் போக சிவப்பு வெளுத்து, வெளிர் மஞ்சளாக மாறும். அந்தக் கோட்டைத் தாண்டி மட்டம் திடீரென மளமளவென்று ஏறினால் உடனே கூப்பிடுங்கள்.

முதுகு வழியாக மட்டும் செய்யும் ஆபரேஷனில் பெரும்பாலும் நெஞ்சு டியூப் இருக்காது. தையலுக்குப் பக்கத்தில், கசியும் ரத்தத்தை வடிக்கும் சின்ன ட்ரெயின் பை ஒன்று தொங்கும், அது வேறு. விலா வழியாக நெஞ்சைத் திறந்து செய்தாலோ, புடைத்த விலா எலும்புகளைக் குறைத்தாலோ, நுரையீரலைச் சுற்றியுள்ள உறை கிழிந்தாலோதான் ஐசிடி என்று இங்கே சொல்லும் இந்த டியூப். சாதாரணமாக இரண்டு மூன்று நாள், சிலருக்குக் கூடுதலாக.

எங்கள் பெரிய தவறு, அவளை அசையாமல் வைத்திருந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே குழாய் இருப்பதால் இழுத்து மூச்சு விட்டால் சுருக்கென்று குத்தும். தோள்பட்டை வரை வலிக்கும், அது உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள தசை) உறுத்தப்படுவதால். குழந்தை மேலோட்டமாக மூச்சு விட ஆரம்பிக்கும். நாமும் "பாவம், தூங்கட்டும்" என்று விட்டுவிடுவோம். நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சுருங்கி, சளி தேங்கி, நிமோனியா வரை போகக்கூடியது இப்படித்தான். வலி மருந்தை வலி உச்சத்துக்குப் போகும் முன்பே கேளுங்கள். மருந்தைத் தவிர்த்துப் பல்லைக் கடித்துக் கிடப்பதில் ஒரு வீரமும் இல்லை. இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எழுப்பினால் டியூப் பிடுங்கிக்கொள்ளும் என்றும் பயந்தோம். தோலோடு தையல் போட்டிருப்பார்கள், டியூபோடு உட்காரலாம், நடக்கலாம். கட்டையை உருட்டுவதுபோல் உடம்பை மொத்தமாகத் திருப்பி எழுப்ப வேண்டும், முறுக்கக் கூடாது.

அப்புறம் அந்த மூன்று பந்து ஸ்பைரோமீட்டர், அதாவது மூச்சுப் பயிற்சிக் கருவி. கையில் கொடுத்ததும் அவள் பலூன் மாதிரி 'ஃபூ' என்று ஊதினாள். ஒரு பந்தும் அசையவில்லை. "மாமா, இது ஓட்டை" என்றாள். நானும் வாங்கி ஊதிப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊதக் கூடாது, ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுவதுபோல் மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும். முழித்திருக்கும்போது மணிக்குப் பத்துத் தடவை. முதல் நாள் ஒரு பந்து ஏறினாலே போதும்.

பாட்டில் எப்போதும் நெஞ்சைவிடக் கீழே, நிமிர்ந்து இருக்க வேண்டும். எக்ஸ்ரேக்குக் கொண்டுபோகும்போது ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் அதைத் தூக்கி அவள் கால் மேல் வைத்துவிட்டார். அப்படி மேலே தூக்கினால் உள்ளிருப்பது நெஞ்சுக்கே திரும்பப் போகலாம். "அண்ணே, கீழே பிடிங்க" என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். தூக்கும்போது டியூபைக் கிளிப் போட்டு அடைப்பதும், அடைத்துவிட்டதோ என்று நாமே பிழிந்துவிடுவதும் வேண்டாம். டியூப் மடங்கிக் கிடக்கிறதா, உடம்புக்கு அடியில் மாட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் தட்டுவடை செட்டோடு கட்டிலைச் சுற்றி நின்றால், பாட்டிலை உதைக்கப்போவது யார் என்று ஒரு கண் வையுங்கள்.

குழாயில் தண்ணீர் மூச்சோடு ஏறி இறங்கும். இருமினால் குமிழி வரும். முதல் நாட்களில் இரண்டும் இயல்பு. குமிழி நிற்காமல் கொப்பளித்தாலோ, ஏற்ற இறக்கம் சட்டென நின்றாலோ நர்ஸிடம் சொல்லுங்கள். நுரையீரல் முழுக்க விரிந்தாலும் அசைவு நிற்கும், டியூப் அடைத்தாலும் நிற்கும். எது என்பதை அவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். டியூப் நெஞ்சிலிருந்து கழன்றே வந்துவிட்டால் திரும்பச் செருகாதீர்கள். ஓட்டையைச் சுத்தமான துணியால், இல்லையென்றால் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு சத்தம் போடுங்கள்.

பருப்பு, முட்டை சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்று பாட்டி சொல்வதைக் கேட்டுப் பட்டினி போடாதீர்கள். காயம் ஆற புரதம்தான் வேண்டும்.

டியூப் எடுக்கும் நாளை நினைத்துத்தான் அவள் அதிகம் பயந்தாள். "மூச்சை இழுத்துப் பிடி" என்றார் டாக்டர். பிடித்து முடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டது. எரிச்சல் சில நொடிதான். உடனே கட்டுப் போட்டு, பிறகு எக்ஸ்ரே. அரை மணி முன்பே வலி மருந்து கேட்டு வாங்கிக்கொள்வதும், மூச்சைப் பிடித்துப் பழகி வைப்பதும் நல்லது.

டிஸ்சார்ஜ் ஆனதும் நேராக ஏற்காட்டுக்குப் போகலாம் என்று அக்கா கிளம்பினாள். சேலம் 278 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். நெஞ்சு உறைக்குள் காற்று மிச்சம் இருந்தால், மேலே போகும்போது அது சுமார் ஆறில் ஒரு பங்கு விரியும். கடைசி எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறதா, மலையேறலாமா என்று கேட்காமல் போகக் கூடாது. விமானப் பயணத்துக்கும் இதே கேள்வி. அது போக, 20 கொண்டை ஊசி வளைவுகள் புதுத் தையல் போட்ட முதுகுக்கு நல்லதா? திடீர் மூச்சுத்திணறல், ஒரு பக்க நெஞ்சு வலி, காய்ச்சல், டியூப் இருந்த இடத்தில் கசிவு, இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், மூச்சு முட்டினால் 108. மலையிலிருந்து இறங்கவே ஒரு மணி நேரம் ஆகும். அதனால் முதல் செக்கப் முடியும் வரை சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டிலேயே இருக்கச் சொன்னேன். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மகள் மூன்றாவது பந்தை ஏற்றியது எங்கள் வீட்டு ஊஞ்சலுக்குப் பக்கத்து நாற்காலியில்தான்.