காய்ச்சலும் பாய்ச்சலும்: நெல் வயலில் மீத்தேனைக் குறைக்க ஓரடிக் குழாய் போதும்

நெல் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்து வளர்கிறது. அதில் ஒரு பங்கு வேர்க்கசிவாகவும் தாளாகவும் வைக்கோலாகவும் மண்ணுக்குள் போகிறது. வயலில் தண்ணீர் கட்டி நின்றால் மண்ணுக்குள் காற்று இறங்காது. இருந்த ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்துவிடும். அதன்பின் நுண்ணுயிர்கள் நைட்ரேட், இரும்பு, சல்பேட் என்று ஒவ்வொன்றாகத் தீர்த்தபின், மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் தலையெடுக்கும். அந்த வாயு பெரும்பாலும் நெல் தண்டின் காற்றறைகள் வழியாகவே வெளியேறுகிறது. பூமியைச் சூடாக்குவதில், 100 ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன், ஏறக்குறைய 27 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.

மண்ணை அவ்வப்போது காய விட்டு மறுபடி பாய்ச்சினால் இந்தத் தொடர் அறுந்துபோகும். இதுதான் காய்ச்சலும் பாய்ச்சலும். ஐ.நா.வின் பருவநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் 2019 கணக்கீட்டு முறையில், பருவம் முழுக்கத் தண்ணீர் நின்ற வயலின் மீத்தேன் 1 என்றால், ஒருமுறை காய விட்ட வயலுக்கு 0.71, பலமுறை காய விட்ட வயலுக்கு 0.55. எப்போது காய்ந்தது, எப்போது பாய்ச்சுவது என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்தால் தப்பும். மேலே தண்ணீர் இல்லாவிட்டாலும் வேருக்குப் பக்கத்தில் இருக்கலாம். அதற்குத்தான் குழாய்.

4 முதல் 6 இன்ச் விட்டமுள்ள பிவிசி குழாயில் 30 செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள். கீழ் 20 செ.மீ. பகுதியில் சுற்றிலும் 2 செ.மீ. இடைவெளியில் 5 மி.மீ. துளைகள் போடுங்கள். மேல் 10 செ.மீ.யில் துளை வேண்டாம். நடவு முடிந்ததும், வரப்பிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரத்தில், மேடும் இல்லாத பள்ளமும் இல்லாத இடத்தில் துளையிட்ட பகுதி முழுதும் சேற்றுக்குள் போகும்படி இறக்குங்கள். உள்ளே இருக்கிற சேற்றை அள்ளி எடுத்துவிட வேண்டும். பலரும் இதை விட்டுவிட்டுக் குழாயைக் குறை சொல்வார்கள். வயலில் தண்ணீர் நிற்கும்போது உள்ளும் புறமும் ஒரே மட்டமாக இருக்கிறதா என்று சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். இல்லையென்றால் துளைகள் அடைபட்டிருக்கின்றன, எடுத்துக் கழுவிப் போடுங்கள். தொழி, அதாவது உழுது குழைத்த சேறு, அமிழ்ந்து இறுகும் என்பதால், ஒரு வாரம் கழித்துக் குழாய் விளிம்பு மண்ணுக்கு மேல் எத்தனை செ.மீ. இருக்கிறது என்று மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

நட்டு இரண்டு வாரம் வரை ஆழமில்லாமல் தண்ணீர் கட்டுங்கள். களை அதிகமென்றால் இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போடலாம். தண்ணீர் நின்றால்தான் களை அடங்கும். பிறகு 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சி நிறுத்துங்கள். குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் அடுத்த பாய்ச்சல். விளிம்பு 10 செ.மீ. மேலே இருந்தால், விளிம்பிலிருந்து ஸ்கேல் 25 காட்டும் நாள் அது. எத்தனை நாளாகும் என்பது மண்ணையும் வெயிலையும் பொறுத்தது. மணல் கலந்த நிலத்தில் சீக்கிரம் இறங்கும், களியில் தாமதமாகும்.

பூக்கும் பருவத்தில் மட்டும் விளையாட வேண்டாம். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை 5 செ.மீ. தண்ணீர் நிற்கட்டும். அப்போது காய்ந்தால் பதர் கூடும். அதன்பின் பழையபடி தொடரலாம். அறுவடைக்கு 10 முதல் 15 நாள் முன்பு நிறுத்திவிடலாம்.

யூரியாவைப் பாய்ச்சலுக்குச் சற்று முன்பு, காய்ந்த மண்ணில் இடுங்கள். இட்டபின் காய விட்டால் நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறி, அடுத்த தண்ணீரில் நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும். அது கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 273 மடங்கு வலுவான வாயு. மீத்தேனில் மிச்சம் பிடித்ததை அதில் விட்டுவிடக் கூடாது.

வைக்கோலை உழுது மடிப்பதானால் நடவுக்கு ஒரு மாதத்துக்கு முன்பே, காய்ந்த நிலத்தில் செய்யுங்கள். நடவை ஒட்டிப் பச்சையாக மடித்தால் மீத்தேன் நுண்ணுயிர்களுக்கு விருந்து வைத்தது போலாகும். மக்கிய தொழுவுரம் அவ்வளவு கெடுதல் செய்வதில்லை.

இது எல்லா வயலுக்கும் பொருந்தாது. வாய்க்கால் முறைத் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத இடத்தில், காய விட்டுவிட்டுக் காத்திருப்பது ஆபத்து. உவர் நிலத்தில் காய விட்டால் உப்பு மேலே ஏறும். களிமண் பெரிதாக வெடித்துவிட்டால் பாய்ச்சுகிற தண்ணீர் வெடிப்பு வழியாகவே கீழே போய்விடும். மயிரிழை வெடிப்பு தெரிகிறபோதே பாய்ச்சுவது நல்லது. டெல்டாவில் வடகிழக்கு மழை கொட்டும் சம்பாவில் நினைத்தபடி காய விட முடியாது. போர்வெல் உள்ள குறுவை வயல்தான் தொடங்க ஏற்ற இடம். மோட்டார் ஓடும் நேரமும் அங்கேதான் கண்கூடாகக் குறையும்.