நோட்-ரெட்ல வயர் காடாப் போன ஃப்ளோவை ஒழுங்காக்கிறது எப்படி

நிலாவெளிப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல மூண்டு தண்ணி டாங்கி, ரெண்டு மோட்டர், எல்லாத்தையும் ராஸ்பெரி பை எண்ட சின்னக் கம்ப்யூட்டர்ல ஓடுற நோட்-ரெட்தான் பாத்துக்கொள்ளுது. நோட்-ரெட் எண்டது நோட் எண்ட பெட்டியளை வயரால தொடுத்து வேலை நடத்துற மென்பொருள், அப்பிடித் தொடுத்ததுதான் ஃப்ளோ, அதை வரையிற பக்கம் ஒண்டொண்டும் ஒரு டாப். ஆராரோ வந்து ஒண்டொண்டாச் சேர்த்து, நான் திறந்து பாக்கேக்க ஒரே டாப்ல 150 நோட்டுக்கு மேல, வயரெல்லாம் கரையில குவிச்சுப் போட்ட வலை மாதிரிக் கிடந்துச்சு.

இப்பிடி ஒண்டைக் கண்டா எல்லாருக்கும் கை முதல்ல போறது பெட்டியளை இழுத்து நேராக்கத்தான், தயவுசெய்து அதைக் கடைசிக்கு வைங்கோ. வயர் நேரா நிண்டாலும் எது என்ன வேலை செய்யுது எண்டு விளங்காட்டி ஒரு பிரயோசனமும் இல்ல.

முதல் வேலை, கன்ட்ரோல் ஈ அடிச்சு முழு ஃப்ளோவையும் எக்ஸ்போர்ட் பண்ணி ஃபைலாச் சேமிச்சு வைங்கோ. பிறகு எப்பவோ டெஸ்டுக்குப் போட்ட, வாற தகவலைக் காட்டுற டிபக் நோட்டுகள், ஒண்டோடயும் தொடுக்காம ஓரத்துல கிடக்கிறதுகள், இதுகளைத் தூக்குங்கோ. சந்தேகமானதை அழிக்காம டிசேபிள் பண்ணிப்போட்டு ரெண்டு மூண்டு நாள் ஓட விட்டுப் பாருங்கோ.

அடுத்ததுதான் முக்கியம், வேலை வாரியாப் பிரிக்கிறது. நான் சென்சர் வாசிக்கிறது ஒரு டாப், மோட்டர் போடுறதா விடுறதா எண்டு முடிவெடுக்கிறது ஒரு டாப், ஃபோனுக்கு மெசேஜ் அனுப்புறது ஒரு டாப் எண்டு பிரிச்சன். டாப்புக்கு டாப் தகவல் போக லிங்க் அவுட், லிங்க் இன் நோட் போதும், நீட்டு வயரே தேவையில்ல, அந்த நோட்டைத் தொட்டா அது எங்க போகுதெண்டு புள்ளிக் கோட்டுல காட்டும்.

இதுல ஒரு பொறி இருக்கு, நான் அதுக்குள்ள விழுந்துதான் படிச்சன். கோட்ல ஃப்ளோ.செட் எண்டு எழுதிச் சேமிச்சு வைக்கிற பெறுமதி அந்த டாப்புக்குள்ள மட்டும்தான் தெரியும். தண்ணி மட்டம் சென்சர் டாப்ல, அதை ஃப்ளோ.கெட்டால எடுத்து 30 வீதத்துக்குக் கீழயா எண்டு பாக்கிற ஃபங்ஷன் நோட்டை (கோட் எழுதுற பெட்டி) மற்ற டாப்புக்கு மாத்திப்போட்டன். அங்க மட்டம் அன்டிஃபைண்ட், அதாவது பெறுமதியே இல்ல, ஜாவாஸ்கிரிப்ட்ல அன்டிஃபைண்டை 30ஓட ஒப்பிட்டா எப்பவும் இல்ல எண்டுதான் வரும், எரர் ஒண்டும் காட்டாது, மோட்டர் சும்மா நிண்டுட்டுது. விடியக்காலம பைப்பைத் திறந்த ஆக்களுக்குத் தண்ணி இல்ல. அதால நோட்டை வேற டாப்புக்கு மாத்த முதல் அதுக்குள்ள ஃப்ளோ.கெட் இருக்கா எண்டு தேடிப் பாருங்கோ, இருந்தா பெறுமதியை மெசேஜ்லயே சேர்த்து அனுப்புங்கோ, இல்லாட்டி எல்லா டாப்புக்கும் தெரியிற குளோபல்ல வைங்கோ.

மூண்டு டாங்கிக்கும் ஒரே கணக்கு மூண்டு தரம் கொப்பி பண்ணி இருந்துச்சு, அதைச் சப்ஃப்ளோ, அதாவது திரும்பத் திரும்பப் பாவிக்கக்கூடிய ஒரே பெட்டியா ஆக்கி டாங்கியிட உயரத்தை மட்டும் வெளியில இருந்து குடுத்தன், பாதி இடம் மிச்சம். சப்ஃப்ளோவுக்கும் பெறுமதி சேமிக்கிற இடம், அதாவது கான்டெக்ஸ்ட், தனிதான், அதையும் மறக்காதேங்கோ.

பிறகு பேர் வைக்கிறது. "ஸ்விட்ச்" எண்டு விடாம "மட்டம் 30க்குக் கீழயா?" எண்டு கேள்வியாவே எழுதுங்கோ, அடுத்த ஆள் திறந்து பாக்காமலே வாசிச்சுக்கொண்டு போவார். ஒரு வேலைக்குரிய நோட்டுகளை குரூப் பண்ணி நிறம் குடுத்தா இன்னும் நல்லம்.

இப்பதான் நேராக்கிறது. இடமிருந்து வலமா ஓட விடுங்கோ, பெட்டியளைக் கட்டத்துல ஒட்ட வைக்கிற ஸ்னாப் டு கிரிட்டைப் போடுங்கோ, ஒரே இடத்துக்கு நாலஞ்சு வயர் போனா ஷிஃப்டோட வலது பட்டனை அமத்திக்கொண்டு வயருக்குக் குறுக்கால இழுத்தா வயரெல்லாம் சேருற புள்ளி, ஜங்ஷன் எண்டது, விழும், நோட்-ரெட் 3.0 வெர்ஷன்ல இருந்து இருக்கு. இதே மாதிரி வயர் தொடுத்து எழுதுற லாப்வியூ எண்ட மென்பொருளைப் பாவிக்கிற ஆக்களுக்கு கன்ட்ரோல் யூ அடிச்சாத் தானே அடுக்கும், ஆனா எது எதோட சேரவேணும் எண்டு அதுக்குத் தெரியாது, அந்தப் பிரிப்பை நீங்கதான் செய்யவேணும்.

டிப்ளோய் பண்ணினதும், அதாவது மாத்தினதை ஓட விட்டதும், எழும்பிப் போயிடாதேங்கோ. நான் டாங்கி வால்வைத் திறந்து மட்டம் இறங்கி மோட்டர் தானாப் போட்டு, நிரம்பி, தானா நிக்கும் வரைக்கும் பக்கத்துலயே நிண்டுதான் வந்தனான்.