வேலையை விட்டுவிட்டு உணவு எழுத்துக்கு வரப் போகிறீர்களா? இந்த வரிசையில் செய்யுங்கள்

சாப்பாட்டைப் பற்றி எழுதிப் பிழைக்கப் போகிறேன் என்று சொன்னபோது அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "அப்ப சாப்பாட்டுக்கு என்னடா பண்ணுவ?" சென்னை ஓ.எம்.ஆரில் 9 வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்தவனிடம் அதற்குப் பதில் இல்லை. அதற்கப்புறம் பட்டுத் தெரிந்துகொண்டதை, நான் செய்த வரிசையில் அல்ல, செய்திருக்க வேண்டிய வரிசையில் சொல்கிறேன்.

1. வேலையில் இருக்கும்போதே பத்துக் கட்டுரை

சனி, ஞாயிறுகளில் எழுதுங்கள், எங்கும் வெளியிடாவிட்டாலும் பரவாயில்லை. மூன்றாவது கட்டுரைக்குள் 'நாவில் கரைந்தது', 'தேவாமிர்தம்' எல்லாம் தீர்ந்துவிடும். அதற்கப்புறமும் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தால்தான் நமக்குப் பிடித்தது சாப்பிடுவதா, எழுதுவதா என்பது தெரியும். சாப்பிடுவதுதான் என்றால் தப்பே இல்லை, சம்பளத்தோடு நிம்மதியாகச் சாப்பிடலாம்.

2. கடை திறப்பதற்கு முன்னால் போங்கள்

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதை யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்தே எழுதிவிடலாம். நானும் அப்படித்தான் முதலில் எழுதினேன், இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. பிறகு ஒரு பட்டறையில் கேட்டு, அனுமதி வாங்கி, விடியற்காலையில் போய் ஓரமாக நின்றேன். வெல்லப்பாகு கொதித்துக்கொண்டிருந்தது. பாகு போடும் அண்ணாச்சி கரண்டி நுனியிலிருந்து ஒரு சொட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டு, இறுகியதை எடுத்துத் தட்டில் போட்டார். 'தொப்' என்றது. "இன்னும் ஆகல தம்பி." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போட்டார், 'டங்' என்றது. அவ்வளவுதான், அடுத்த நொடி கடலை உள்ளே போய்விட்டது, யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அந்தச் சத்தத்தை எழுதினேன், கட்டுரை தானாகவே எழுந்து நின்றது.

போகும்போது மூன்று கேள்வியைக் கையில் வைத்திருங்கள்: எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறீர்கள், எது தப்பினால் மொத்தமும் வீணாகும், விலையை எப்போது ஏற்றினீர்கள். 'உங்கள் ரகசியம் என்ன' என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லோரும் 'அன்புதான்' என்பார்கள்.

3. தராசு வாங்குங்கள்

கேமராவுக்கு முன் சமையலறைத் தராசு. வீட்டுச் சமையலை எழுதப் போனால் "எவ்வளவு உப்பு ஆச்சி?" என்ற கேள்விக்குக் "கண்ணளவுதான்" என்றே பதில் வரும். அவரை அளந்து போடச் சொல்லாதீர்கள், கை தடுமாறும், ருசியும் மாறிவிடும். சமைக்கும் முன் உப்பு ஜாடி, மிளகாய்த்தூள் டப்பா, எண்ணெய்த் தூக்கு எல்லாவற்றையும் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், சமைத்து முடித்ததும் மறுபடி போடுங்கள். குறைந்ததுதான் அளவு. பழைய ஆட்கள் படிக்கணக்கில் சொன்னால், 8 ஆழாக்கு 1 படி என்பது நினைவிருக்கட்டும்.

4. பணக்கணக்கு

அலுப்பான பகுதி, ஆனால் இதில் சறுக்கினால் மற்றது எல்லாம் சறுக்கும். நிரந்தர ஊழியருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கிடைக்க 5 வருஷத் தொடர் பணி வேண்டும். நாலரை வருஷத்தில் நிற்பவர்கள் இன்னும் கொஞ்ச நாள் மேனேஜரைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 40,000 ரூபாய், பணி 6 வருஷம் என்றால், மாதத்துக்கு 26 வேலை நாள், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் 40,000 × 15 ÷ 26 × 6, அதாவது சுமார் 1,38,000 ரூபாய். சின்னத் தொகையா என்ன?

கம்பெனி தரும் மருத்துவக் காப்பீடு பொதுவாக வேலையோடு போய்விடும். தனிக் காப்பீட்டில் விபத்தைத் தவிர மற்றவற்றுக்கு வழக்கமாக முதல் 30 நாள் எதுவும் கிடைக்காது, அதனால் நோட்டீஸ் கொடுக்கும் முன்பே எடுத்துவிடுங்கள். வீட்டுச் செலவுக்கு ஒரு வருஷப் பணம் கையில் இருக்கட்டும். நான் ஆறு மாதத்துக்கு வைத்திருந்தேன், ஏழாவது மாதம் மச்சானிடம் போய் நின்றேன்.

5. கட்டுரை கேட்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது

எவ்வளவு, எப்போது, உரிமை யாருக்கு. மூன்றையும் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். உரிமையை எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி அது 5 வருஷம்தான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று ஒரு வரி நடுவில் ஒளிந்திருக்கும், தேடிப் பாருங்கள். எனக்கு ஒரு இதழ் நாலு கட்டுரைக்குக் காசு தராமல் இழுத்தடித்தது, எல்லாம் போனில் பேசியதுதான், கையில் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

6. ஓசிச் சாப்பாடு

கொஞ்சம் பெயர் வந்ததும் கூப்பிடுவார்கள். போகலாம், ஆனால் இலவசமாகச் சாப்பிட்டதைச் சொல்லிவிட வேண்டும், விளம்பரப் பதிவுகளுக்காக மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் கொடுத்த வழிகாட்டுதலும் அதையேதான் சொல்கிறது. நான் கடைப்பிடிப்பது இன்னும் எளிது: எழுதப் போகும் கடையில் பில் கட்டுவேன். ரொம்ப வற்புறுத்தினால் ஒரு காபி குடிப்பேன், அந்தக் காபியையும் கட்டுரையில் சொல்லிவிடுவேன்.