உலர் எரிவாயு: தண்ணீரைத் தேடினால் தப்பாகிவிடும்

டிரை கேஸ், அதாவது உலர் எரிவாயு என்று கேட்டதும் முக்கால்வாசிப் பேர் தண்ணீர் நீக்கிய வாயு என்றுதான் நினைக்கிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், பெயர் அப்படி. எரிவாயுத் துறையில் ‘ஈரம்’ என்று சொல்வது ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன், பென்டேன் போன்ற, மீத்தேனைவிடக் கனமான ஹைட்ரோகார்பன்களை. கிணற்றிலிருந்து மேலே வந்து குளிரும்போது இவற்றில் கனமானவை திரவமாகப் பிரிந்துவிடும். அந்தச் சரக்கு இயல்பிலேயே இல்லாத, அல்லது ஆலையில் பிரித்தெடுத்துவிட்ட, பெரும்பாலும் மீத்தேனாகவே இருக்கிற வாயுதான் உலர் எரிவாயு.

இந்த முதல் தவறுதான் அதிகம் செலவு வைக்கும். பாறையின் துளைகளில் வாயுவோடு தண்ணீரும் இருக்கும், அதனால் ‘உலர்’ கிணற்றிலிருந்து வரும் வாயுவும் நீராவியைச் சுமந்துகொண்டுதான் வரும். உலர் வாயுதானே என்று அப்படியே குழாயில் விட்டால், அதிக அழுத்தத்தில் மீத்தேனும் நீரும் சேர்ந்து ஹைட்ரேட் என்ற பனிக்கட்டி போன்ற திடப்பொருளாகிவிடும், அதுவும் பூஜ்யம் டிகிரிக்கு மேலேயே. குழாய்களை அடைத்துக்கொள்வது வெறும் பனிக்கட்டி இல்லை, இந்த ஹைட்ரேட்தான் என்று 1934-ல் ஹாமர்ஷ்மிட் என்பவர் எடுத்துக்காட்டினார். அதனால்தான் ஆலையில் கிளைக்கால் (glycol) என்ற, நீரை உறிஞ்சும் திரவம் ஓடும் கோபுரத்தில் வாயுவைக் கழுவி நீராவியைப் பிடித்துவிடுகிறார்கள். அமெரிக்கக் குழாய்வழிகளில் பத்து லட்சம் கன அடிக்கு 7 பவுண்டு நீர் என்பது பரவலாக இருக்கும் உச்சவரம்பு. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்தக் கோபுரத்திலிருந்து வெளியே வருகிற வாயுவையும் ஆலைக்காரர்கள் ‘டிரை கேஸ்’ என்றே சொல்வார்கள், அதில் புரொப்பேன் நிறைய இருந்தாலும் சரி! ஆக, ஆலையின் ஆவணத்தில் இந்தச் சொல்லைப் பார்த்தால் எந்த அர்த்தத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டுவிடுவது நல்லது.

உலர் என்றால் சுத்தம் என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. நிலத்தடி வாயு உலர்வாக இருந்துகொண்டே ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு நிறைந்த ‘சவர்’ (sour, புளிப்பு) வாயுவாகவும் இருக்கலாம். அது தனிக் கணக்கு.

அப்புறம், புவியியலாளர் சொல்லும் உலரும் புள்ளிவிவரக்காரர் சொல்லும் உலரும் வேறு வேறு. புவியியலாளருக்கு அது நிலத்தடிப் படுகையின் குணம். உள்ளேயும் சரி, மேலே வந்தபிறகும் சரி, ஹைட்ரோகார்பன் திரவம் பிரியக் கூடாது. ஒரு பேரல் திரவத்துக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வாயு கிடைத்தால் உலர் படுகை என்பது வழக்கத்தில் உள்ள அளவுகோல். நுண்ணுயிரிகள் உருவாக்கிய வாயு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், கிழக்கு மத்தியதரைக் கடலின் தாமார், லெவியாதன் வயல்கள் இதற்கு நல்ல உதாரணம். ஈர வாயு உள்ளே வாயுவாகவே இருந்து மேலே வந்தபிறகு திரவத்தைக் கழற்றிவிடும். கண்டென்சேட் படுகை என்று இன்னொன்று இருக்கிறது, அங்கே வாயுவை எடுக்க எடுக்க அழுத்தம் குறைந்து, பாறைக்குள்ளேயே திரவம் பிரிந்து வழியை அடைக்கும். அழுத்தம் குறைந்தால் திரவம் ஆவியாகத்தானே வேண்டும் என்று நம் மனது சொல்லும், அங்கே நடப்பது நேர்மாறு.

புள்ளிவிவரக்காரருக்கோ, எங்கிருந்து வந்தாலும் ஆலையைத் தாண்டி மிஞ்சுவதுதான் உலர் வாயு. அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகத்தின் அட்டவணையில் மொத்தமாக வெளியே எடுத்தது, சந்தைக்கு வந்தது, உலர் உற்பத்தி என்று மூன்று வரிசை இருக்கும். ஒரு நாட்டுக்கு ஒரு வரிசையையும் இன்னொரு நாட்டுக்கு வேறு வரிசையையும் எடுத்துப்போட்டு ஒப்பிடும் கட்டுரைகளுக்குக் குறைவே இல்லை. 2023-ல் அங்கே சந்தைக்கு வந்தது நாளொன்றுக்குச் சுமார் 113 பில்லியன் கன அடி, உலர் உற்பத்தி சுமார் 104 பில்லியன். இடையில் உள்ள அந்த 9 பில்லியனுக்குப் ‘பிரித்தெடுப்பு இழப்பு’ என்ற ரீதியில் பெயர் வைத்திருக்கிறார்கள், உடனே கசிந்துபோனதாக நினைத்துவிடாதீர்கள், அது திரவமாகி வேறு வழியில் விற்பனைக்குப் போயிருக்கிறது. கன அளவை ஒப்பிடும்போது வெப்பநிலையையும் பாருங்கள். அதே வாயுவை 0 டிகிரியில் அளப்பதற்கும் 15 டிகிரியில் அளப்பதற்கும் ஐந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வரும்.

உலர் வாயுதான் உயர்ந்த சரக்கு என்பதும் பாதி உண்மைதான். எரித்தால் ஒரு கன அடி மீத்தேன் சுமார் 1,010 பிடியூ (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு) வெப்பம் தரும், ஈத்தேன் ஏறத்தாழ 1,770, புரொப்பேன் 2,500. அதாவது ஈர வாயுவில்தான் சூடும் அதிகம், காசும் அதிகம். 2012 ஏப்ரலில் ஹென்றி ஹப் விலை, அதாவது அமெரிக்காவில் எரிவாயுவுக்கு அடையாளமாக வைத்திருக்கும் சந்தை விலை, பத்து லட்சம் பிடியூவுக்கு 2 டாலருக்குக் கீழே விழுந்தபோது அமெரிக்க நிறுவனங்கள் ஹெய்ன்ஸ்வில் போன்ற உலர் வாயுப் பகுதிகளில் துளையிடுவதைக் குறைத்துக்கொண்டு, திரவம் கிடைக்கும் பக்கம் நகர்ந்தன. பிறகு ஏன் பிரிக்க வேண்டும் என்றால், ஒன்று திரவத்துக்குத் தனி விலை கிடைக்கும், இன்னொன்று குழாயில் திரவம் தேங்கினால் ஓட்டம் கெடும், அடுப்பும் பாய்லரும் ஒரே சீரான வாயுவுக்காகச் செய்யப்பட்டவை. ஈத்தேன் விலை சரிந்தால் ஆலைகள் அதைப் பிரிக்காமல் வாயுவோடே விட்டுவிடுவதும் உண்டு, ஆகவே உலர் வாயு என்றால் நூறு சதவீதம் மீத்தேன் என்று கணக்குப் போடாதீர்கள்.

கடைசியாக எழுத்துக் குழப்பம். எல்என்ஜி என்பது மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்து, கன அளவை அறுநூறில் ஒரு பங்காகச் சுருக்கிய, பெரும்பாலும் மீத்தேனான வாயு, அதாவது உலர் வாயுவே திரவ வடிவில். எல்பிஜி புரொப்பேனும் பியூட்டேனும், ஈர வாயுவின் ‘ஈர’த்தில் ஒரு பகுதி. இரண்டையும் மாற்றிச் சொன்னால் கட்டுரையில் ஒரு பிழை, அவ்வளவுதான். கசிவு உணர்கருவி மாட்டும்போது மாற்றினால் கதை வேறு, மீத்தேன் காற்றைவிட லேசு, அதனால் கருவி கூரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். புரொப்பேன் காற்றைப்போல் ஒன்றரை மடங்கு கனம், தரையோடு படரும், கருவியும் கீழேதான்.