ஆஃபர் லெட்டர் வந்த பிறகு செய்யக்கூடாத தவறுகள்

புதுச்சேரி சேதராப்பட்டு பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் வேலை பார்க்கிறேன், வீடு கடலூர் மஞ்சக்குப்பம். இன்டர்வியூவில் நன்றாகப் பேசித் தேர்வான பிள்ளைகள், ஆஃபர் கைக்கு வந்த அடுத்த இரண்டு நாளில் சறுக்குவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

முதல் தவறு, பதிலே போடாமல் இருப்பது. வீட்டில் கலந்து பேச வேண்டும், வேறொரு இடத்தில் ரிசல்ட் வர வேண்டும், எல்லாம் நியாயம்தான். ஆனால் அது எங்களுக்கு எப்படித் தெரியும்? மூன்று நாள் சத்தமே இல்லையென்றால் பட்டியலில் அடுத்து இருக்கும் பெயருக்குப் போன் போய்விடும். "ஆஃபர் கிடைத்தது, நன்றி. படித்துவிட்டு வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் சொல்கிறேன்" என்று அன்றைக்கே ஒரு மெயில் போட்டால் போதும், அந்த வெள்ளிக்கிழமை வரை காத்திருப்போம்.

அடுத்தது, வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவது. போன மாதம் முதுநகர் பையன் ஒருவன், டிப்ளமோ மெக்கானிக்கல், "ஓகே சார்" என்று இரண்டே சொல் அனுப்பினான். எந்தச் சம்பளத்துக்கு ஓகே, என்றைக்கு வருகிறான், எதுவும் இல்லை. ஆஃபர் வந்த அதே மெயிலுக்குப் பதிலாக எழுதுங்கள், ஆங்கிலமோ தமிழோ, விஷயம் இவ்வளவுதான்: "வணக்கம். மெயின்டனன்ஸ் டெக்னீஷியன் பணிக்கான ஆஃபரை ஏற்றுக்கொள்கிறேன். மாதம் 25,000 ரூபாய் சிடிசி, சேரும் தேதி ஜூன் 10 என்று புரிந்துகொண்டேன். கையெழுத்திட்ட நகலை இணைத்திருக்கிறேன்." வாயால் பேசியது எழுத்தில் வந்துவிட்டால் பிறகு யாரும் மாற்றிச் சொல்ல முடியாது.

சரி, அந்த 25,000-க்கு வருவோம், ஏனென்றால் அதிகம் பேர் ஏமாந்து போவது இங்கேதான். சிடிசி என்பது கைக்கு வரும் சம்பளம் இல்லை, கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு. பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், கம்பெனி கட்டும் பிஎஃப். அது சிடிசிக்குள்ளேயே இருக்கும். கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, என்று பேசிக்கில் 4.81 சதவீதம், சுமார் 720 ரூபாயையும் பெரும்பாலும் அதற்குள்ளேயே காட்டுவார்கள். மீதி 22,480-இல் உங்கள் பங்கு பிஎஃப் இன்னொரு 1,800 போனால் கையில் நிற்பது ஏறக்குறைய 20,680 தான், கேன்டீன், பஸ் என்று பிடித்தம் இருந்தால் இன்னும் குறையும். இதைப் பார்க்காமல் தலையாட்டிவிட்டு, முதல் சம்பளத்தன்று ஏமாற்றிவிட்டார்கள் என்று குமுறுவதில் பயனில்லை. எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் சம்பள பிரேக்கப்பைக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. கூட்டிக் கேட்பதாக இருந்தாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, காரணத்தோடு, ஒரே தடவை கேளுங்கள். ஒப்புக்கொண்டு நாலு நாள் கழித்து "இன்னும் மூவாயிரம் சேர்த்தால்தான் வருவேன்" என்பது மட்டும் வேண்டாம், அதற்கப்புறம் உங்கள் பேச்சை நம்ப எங்களுக்கே தயக்கமாக இருக்கும்.

கேள்வி கேட்டால் வேலை போய்விடும் என்ற பயத்தில் ஷிஃப்ட்டைக் கூடக் கேட்க மாட்டார்கள். கடலூரிலிருந்து வருகிறவருக்குக் காலை 6 மணி ஷிஃப்ட் என்றால் கம்பெனி பஸ் எங்கிருந்து புறப்படுகிறது என்பதுதான் முக்கியம், மெத்தப் படித்தவர்கள்கூட இதை விட்டுவிடுகிறார்கள். பணியிடம் "புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் எங்கும்" என்று இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், காரைக்காலும் அதற்குள்தான், கேரளத்துப் பக்கம் இருக்கும் மாஹேயும் ஆந்திரத்துப் பக்கம் இருக்கும் ஏனாமும் அதற்குள்தான்.

போனில் "செலக்ட் ஆகிட்டீங்க" என்று சொன்ன சந்தோஷத்தில் பழைய வேலையை ராஜினாமா செய்யாதீர்கள். இளம் வயதில் நான் அதைச் செய்தேன், அந்தக் கம்பெனி கடைசிவரை கடிதம் அனுப்பவே இல்லை, இரண்டு மாதம் வருமானமில்லாமல் அம்மாவின் வளையலை அடகு வைத்தோம். எழுத்தில் ஆஃபர் வந்து, நீங்கள் எழுத்தில் ஏற்ற பிறகே ராஜினாமா. சேரும் தேதியும் இப்போதைய வேலையின் நோட்டீஸ் காலத்தைக் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும், இரண்டு மாத நோட்டீஸை வைத்துக்கொண்டு "அடுத்த வாரமே வருகிறேன்" என்றால் பழைய கம்பெனி உங்களை விடுவித்துத் தரும் ரிலீவிங் லெட்டர் சிக்கலாகும்.

டெபாசிட், டிரெய்னிங் கட்டணம் என்று பணம் கேட்டால் ஒரு ரூபாய் கூடக் கட்டாதீர்கள், அங்கேயே விட்டுவிடுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம், அங்கே விட்டுவிட்டு வரக்கூடாது.

கடைசியாக, வேண்டாம் என்று சொல்வது. சேருகிற நாளன்று போனை அணைத்து வைக்கிறார்கள், கேட்டில் ஐடி கார்டோடு நாங்கள் நிற்போம். பாகூரிலிருந்து வந்த ஒரு பெண் இரண்டே வரி எழுதினாள்: "வாய்ப்புக்கு நன்றி. வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை கிடைத்ததால் இதை ஏற்க முடியவில்லை, மன்னிக்கவும்." ஆறு மாதம் கழித்துத் தரக்கட்டுப்பாட்டில் இடம் காலியானபோது நான் முதலில் கூப்பிட்டது அவளைத்தான்.